"சரிங்க டாக்டர்" என்று தலையாட்டுகிறோமே... உண்மையில் புரிந்ததா?

மருத்துவர் பேசி முடித்துவிட்டார். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான். "ஒண்ணுமில்ல டாக்டர். சரிங்க டாக்டர்."

வெளியே வந்து மருந்துக்காக வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் சந்தேகம் வரும். "அந்த வெள்ளை மாத்திரைய நிறுத்தச் சொன்னாரா, பாதியாக் குறைக்கச் சொன்னாரா?" திரும்பப் போய்க் கேட்கத் தயக்கம். அடுத்த நோயாளி உள்ளே போய்விட்டார். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவோம்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் மருத்துவர் சொன்னது ஒன்று, நோயாளி புரிந்துகொண்டது வேறொன்று என்றால் அதன் விலை பெரிதாக இருக்கக்கூடும். சில நேரங்களில் உயிரே அதில் அடங்கியிருக்கும்.

இந்த இடைவெளியை ஆராய்வதற்கென்றே மருத்துவத்தில் ஒரு துறை வளர்ந்திருக்கிறது. அதில் ஈடுபட்டிருப்பவர்களில் ஒருவர் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியரும்கூட. சென்னையில் மருத்துவம் முடித்தவர் அவர்.

ஆராய்ச்சி செய்யும் மருத்துவருக்குக் கதை எதற்கு? அதிலிருந்து நமக்கு என்ன பயன்? பார்க்கலாம்.

யார் அந்த மருத்துவர்?

ஆப்ரகாம் வர்கீஸ். பெற்றோர் கேரளத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள். அவர் பிறந்ததோ 1955இல், எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில்.

மருத்துவப் படிப்பை அங்கேதான் தொடங்கினார். 1974இல் பேரரசர் ஆட்சி கவிழ்ந்தது. படிப்பு பாதியில் நின்றது. அமெரிக்காவுக்குச் சென்ற அவர், மருத்துவமனைகளிலும் தாதிமை இல்லங்களிலும் உதவியாளராக வேலை செய்தார். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, தூக்கி உட்காரவைப்பது, படுக்கையை மாற்றுவது போன்ற வேலைகள்.

மருத்துவர் வந்து சில நிமிடங்கள் பேசிவிட்டுப் போவார். மீதி நேரமெல்லாம் நோயாளிக்கு எப்படிக் கழிகிறது என்பதை அந்த வேலை அவருக்குக் காட்டியது.

பிறகு இந்தியாவுக்கு வந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். பட்டம் பெற்ற ஆண்டு 1979.

மீண்டும் அமெரிக்கா சென்று, தொற்றுநோய் மருத்துவரானார். டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டி எனும் சிறிய ஊரில் வேலை. 1980களின் நடுப்பகுதி. எச்ஐவி பெருநகரங்களின் நோய் என்று பலரும் நினைத்திருந்த காலம்.

ஆனால் அந்தச் சிறிய ஊரிலும் நோயாளிகள் வரத் தொடங்கினர். ஏன் என்று ஆராய்ந்த வர்கீஸ் ஒரு போக்கைக் கண்டார். ஊரைவிட்டு நகரங்களுக்குப் போன இளையர்கள் பலர், அங்கே கிருமித்தொற்றுக்கு ஆளாகி, உடல்நலம் குன்றியதும் பெற்றோரிடம் திரும்பி வந்துகொண்டிருந்தனர்.

அதை 1989இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

அப்படியென்றால் கதை எதற்கு?

ஆய்வுக் கட்டுரையில் எண்ணிக்கை இருந்தது. வரைபடம் இருந்தது. இறப்பதற்காக வீடு திரும்பும் மகனின் மனநிலை அதில் இல்லை. அவனை ஊருக்குத் தெரியாமல் பராமரித்த தாயின் பயமும் இல்லை.

அறிவியல் மொழியில் அதற்கு இடமில்லை என்று உணர்ந்த வர்கீஸ், வேலையை விட்டுவிட்டு ஐயோவா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற எழுத்துப் பயிலரங்கில் சேர்ந்தார். 1991இல் அங்கே பட்டம் பெற்றார்.

ஜான்சன் சிட்டி அனுபவத்தை 'மை ஓன் கண்ட்ரி' என்ற நூலாக 1994இல் எழுதினார். அது கதையல்ல, நடந்தது. வேறு நாட்டில் பிறந்து வளர்ந்த மருத்துவர், மலைப்பகுதி அமெரிக்கர்களின் பேச்சையும் நம்பிக்கையையும் கூச்சத்தையும் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதையும் அந்த நூல் சொல்கிறது.

2009இல் 'கட்டிங் ஃபார் ஸ்டோன்', 2023இல் 'தி கவனன்ட் ஆஃப் வாட்டர்' என இரண்டு நாவல்கள் வந்தன. இப்போது ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். மருத்துவர்களும் நோயாளிகளும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது அவரின் ஆய்வுகளில் ஒன்று.

மருத்துவர் எவ்வளவு நேரம் கேட்கிறார்?

நாம் "என்ன செய்யுது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியதும் எத்தனை விநாடியில் மருத்துவர் குறுக்கிடுகிறார்? இதை உண்மையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

1984இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில் 74 சந்திப்புகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டார். சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லி முடித்தவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே.

சரி, அது பழைய கதை என்கிறீர்களா? 2018இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில் நிலைமை மேம்படவில்லை. குறுக்கிடப்பட்ட நோயாளிகளுக்குப் பொதுவாகக் கிடைத்த நேரம் 11 விநாடி.

மருத்துவர்கள் இரக்கமில்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. வெளியே வரிசை நீளம். "பேச விட்டால் நிறுத்தமாட்டாரே" என்ற பயமும் இருக்கும்.

அந்தப் பயம் நியாயமானதா? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதையும் சோதித்தார்கள். 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேச விட்டார்கள். 2002இல் வெளியான முடிவு இது: அவர்கள் சராசரியாகப் பேசியது 92 விநாடி. 78 விழுக்காட்டினர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துக்கொண்டனர்.

அதாவது, முழுதாகக் கேட்க ஒன்றரை நிமிடம் போதும். அந்த ஒன்றரை நிமிடம் கிடைக்காமல் போனால், வீணாவது என்ன?

நோய் ஒன்று, விளக்கம் இரண்டு

இதற்குப் பதில் தேடியவர் ஆர்தர் கிளைன்மன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர், மானுடவியலாளர். தைவானில் நீண்டகாலம் ஆய்வு செய்தவர்.

அவர் முன்வைத்த கருத்து எளிமையானது. உடலில் நடக்கும் கோளாறு ஒன்று. அந்தக் கோளாறோடு வாழும் அனுபவம் வேறொன்று. மருத்துவர் முதலாவதைப் பற்றிப் பேசுகிறார். நோயாளி இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறார். இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு நோயாளியின் மனத்திலும் தன் நோயைப் பற்றி ஒரு விளக்கம் இருக்கும். ஏன் வந்தது, ஏன் இப்போது வந்தது, எது குணப்படுத்தும் என்பதற்கெல்லாம் அவரிடம் ஒரு பதில் உண்டு. மருத்துவர் கேட்கவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. வீட்டுக்குப் போனதும் மாத்திரையைச் சாப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த விளக்கம்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. நீரிழிவு மாத்திரை "சூடு" என்று ஒருவர் நம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்புண் வந்தால் மாத்திரைதான் காரணம் என்று நினைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் போடுகிறார். இதை மருத்துவரிடம் சொல்வதில்லை. "திட்டுவாரு" என்ற பயம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. சர்க்கரை அதிகம். மருந்து போதவில்லை என்று நினைக்கும் மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். பிறகு ஒருநாள் மகளின் கண்டிப்பால் அந்த முழு அளவையும் ஒழுங்காகப் போடத் தொடங்கினால்? மருந்தின் வகையைப் பொறுத்து சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கக்கூடும்.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

1978இல் கிளைன்மனும் சகாக்களும் அந்தக் கேள்விகளைப் பட்டியலிட்டனர். எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இந்த நேரத்தில்? என்ன சிகிச்சை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இந்த நோயில் உங்களுக்கு ஆகப் பெரிய பயம் எது?

எல்லாமே யாரும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விகள். ஆனால் கேட்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

லியா லீ: இரண்டு அன்புக்கு நடுவில் ஒரு குழந்தை

கலிஃபோர்னியாவின் மெர்செட் நகரில் 1982இல் பிறந்தவர் லியா லீ. லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மோங் குடும்பம். சில மாதக் குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வரத் தொடங்கியது.

மருத்துவர்களுக்கு அது மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் கோளாறு. பெற்றோருக்கு அது ஆன்மா உடலைவிட்டுப் பிரிந்ததன் அடையாளம். அந்த நிலைக்கு ஹ்மோங் மொழியில் தனிப்பெயரே உண்டு. ஆவி பிடிக்கிறது, நீ விழுகிறாய் என்பது அதன் பொருள். அது பயப்பட வேண்டிய ஒன்று. அதே நேரம் ஓரளவு பெருமைக்குரியதும்கூட. ஏனெனில் அப்படிப்பட்டவர்கள் பின்னாளில் ஊருக்குப் பூசாரி போன்ற நிலைக்கு உயரலாம் என்பது நம்பிக்கை.

மருந்துகள் அடிக்கடி மாறின. பெற்றோருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. போதிய மொழிபெயர்ப்பு உதவி இல்லை. மருந்து குழந்தையை இன்னும் மோசமாக்குகிறது என்றும் அவர்கள் நினைத்தார்கள். கொடுக்க வேண்டியபடி கொடுக்கவில்லை.

பெற்றோர் அலட்சியம் காட்டுவதாக முடிவாகி, 1985இல் குழந்தை பிரிக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டார். சில மாதங்களுக்குப் பிறகுதான் வீடு திரும்பினார். 1986 நவம்பரில் கடுமையான வலிப்பு. மூளை மீளமுடியாத பாதிப்புக்குள்ளானது. அதற்குப் பிறகு சுயநினைவு திரும்பவில்லை.

அன்றிலிருந்து 2012இல் இறக்கும்வரை குடும்பம்தான் அவரைப் பராமரித்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல்!

ஆன் ஃபாடிமன் என்ற எழுத்தாளர் இதை 1997இல் நூலாக எழுதினார். படிக்கும் யாருக்கும் நெஞ்சு கனக்கும். ஏன் தெரியுமா? அதில் வில்லன் இல்லை. மருத்துவர்கள் கடுமையாக உழைத்தவர்கள். பெற்றோர் உயிராக நேசித்தவர்கள். இரு தரப்புக்கும் குழந்தை பிழைக்க வேண்டும். ஆனால் ஒருவர் மனத்தில் இருந்த விளக்கம் இன்னொருவருக்குத் தெரியாது.

அந்த நூலைப் பல மருத்துவக் கல்லூரிகள் மாணவர்களைப் படிக்கச் சொல்கின்றன.

ஒரே ஒரு சொல் போதும்

பண்பாட்டு வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்தால்தான் ஆபத்து என்றில்லை. ஒரே ஒரு சொல் தவறினாலும் போதும்.

1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 18 வயது இளைஞர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். குடும்பத்தினர் ஸ்பானிய மொழியில் "இன்டாக்சிகாடோ" என்றனர். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில்தான் அவர்கள் அதைச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அதே ஒலியில் வரும் சொல்லுக்கு போதையில் இருப்பவர் என்று பொருள்.

போதைப்பொருள் அளவு மீறிவிட்டது என்று சிகிச்சை தரப்பட்டது. உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு. அது தெரிய வந்தபோது தாமதமாகிவிட்டது. அவரின் கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. இழப்பீடு சுமார் 71 மில்லியன் வெள்ளி, அமெரிக்க டாலரில்.

நம் தமிழிலும் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம்.

"மயக்கமா இருக்கு" என்கிறோம். தலை சுற்றுகிறதா? கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? தூக்கமாக இருக்கிறதா? இல்லை, நினைவிழந்து விழுந்தே விட்டீர்களா? நாலுக்கும் நாம் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். மருத்துவருக்கோ அவை நாலு வெவ்வேறு சந்தேகங்கள்.

"நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு" என்கிறோம். நாமே நோயையும் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறோம்! மாரடைப்பு எல்லாருக்கும் நெஞ்சைப் பிளக்கும் வலியாக வராது. அழுத்தம், மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, கை வலி என்றும் வரலாம். குறிப்பாகப் பெண்கள், மூத்தோர், நீரிழிவு உள்ளவர்களிடம் அறிகுறி தெளிவாக இல்லாமல் போகலாம். "வாயுதான்" என்று நாமும் முடிவுகட்டி, கேட்பவரும் நம்பிவிட்டால்? பொன்னான நேரம் போய்விடும். அத்தகைய சந்தேகம் இருந்தால் யோசிக்காமல் 995ஐ அழைக்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. "ரிசல்ட் பாசிட்டிவ்" என்று மருத்துவர் சொல்வார். பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே என்று நிம்மதியாக எழுந்துபோகிறவர்கள் உண்டு. "வெறும் வயித்தோட வாங்க" என்பார்கள். "சாப்பிடவே இல்லைங்க, காலையில ஒரு தே தாரேக் மட்டும்தான்" என்று வந்து நிற்போம்.

வீட்டுப் பிள்ளைகள் மொழிபெயர்த்தால் போதாதா?

தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளை போவது நம்மிடையே வழக்கம். நல்ல வழக்கமும்கூட. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்பவரையும் சேர்த்து மருத்துவத்துக்கு நாலு பகுதி என்கிறது.

ஆனால் கவனித்துக்கொள்வது வேறு, மொழிபெயர்ப்பது வேறு.

2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் 13 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். அவற்றில் 63 விழுக்காடு, சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பயிற்சி இல்லாதவர்கள் மொழிபெயர்த்தபோது அத்தகைய ஆபத்தான பிழைகள் கூடுதல்.

பிள்ளைகளுக்கு மருத்துவச் சொற்கள் தெரியாது என்பது மட்டும் காரணமல்ல. பாட்டி பேரனுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்வாரா? சிறுநீர்ப் பிரச்சினை, மனச்சோர்வு, மகனோடு சண்டை... சொல்லமாட்டார். பேரனும் "புத்துநோயா இருக்கலாம்" என்று மருத்துவர் சொன்னதை அப்படியே பாட்டியிடம் சொல்வாரா? "சின்னக் கட்டிதான் பாட்டி" என்பார்.

இருவரும் அன்பால் மறைக்கிறார்கள். மறைத்தது மருத்துவருக்குத் தெரியாது.

திரைக்குள் இருக்கும் நோயாளி

மொழி ஒன்றாகவே இருந்தாலும் இன்னொரு தடை வந்துவிட்டது. அது கணினி.

2008இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் வர்கீஸ் எழுதிய கட்டுரை பெரிதாகப் பேசப்பட்டது. மருத்துவமனையில் இப்போது இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள் என்றார் அவர். ஒருவர் கட்டிலில். இன்னொருவர் கணினித் திரையில். திரையில் இருப்பவருக்கு அவர் வைத்த பெயர் 'ஐபேஷன்ட்'. பரிசோதனை முடிவுகள், படங்கள், எண்கள் எல்லாம் சேர்ந்த உருவம் அது. அந்த உருவத்துக்கு அருமையான கவனிப்பு. கட்டிலில் இருப்பவரோ யார் எப்போது வருவார் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

கணினி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதைப் பார்ப்பது நோயாளியைப் பார்ப்பதற்கு மாற்றாகிவிடக்கூடாது என்பதுதான் வாதம்.

2020 ஜனவரியில் அவரும் ஸ்டான்ஃபர்ட் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, மருத்துவர்களுக்கு ஐந்து பழக்கங்களைப் பரிந்துரைத்தது. நோயாளியைப் பார்க்கும் முன் மனத்தைத் தயார்படுத்திக்கொள்வது. குறுக்கிடாமல் முழுமையாகக் கேட்பது. எது முக்கியம் என்பதை நோயாளியோடு சேர்ந்து முடிவு செய்வது. அவரின் வாழ்க்கைக் கதையோடு தொடர்புபடுத்திக்கொள்வது. முகத்திலும் குரலிலும் தெரியும் உணர்ச்சியைக் கவனிப்பது.

கவனித்தீர்களா? ஐந்தில் ஒன்று கதை.

கதை படித்தால் நல்ல மருத்துவராக முடியுமா?

முடியும் என்று உறுதியாக நம்புகிறவர் ரீட்டா ஷரோன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர். நோயாளிகள் தன்னிடம் சொல்வதெல்லாம் கதைகள், அவற்றை எப்படிக் கேட்பது என்று தனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று உணர்ந்தவர், ஆங்கில இலக்கியம் படிக்கப் போனார். 1999இல் முனைவர் பட்டமும் பெற்றார். பிறகு கதைவழி மருத்துவம் என்ற பாடத்திட்டத்தைத் தொடங்கினார்.

அதில் மாணவர்கள் நாவல், கவிதை வாசிக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இன்னொரு குறிப்பும் எழுதுகிறார்கள். மருத்துவப் பதிவேட்டில் எழுத இடமில்லாதவை அதில் வரும். இவரைப் பார்த்தால் எனக்கு ஏன் கோபம் வருகிறது? அவர் ஏன் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை?

நாவல் வாசிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? யார் பேசுகிறார், எதை விட்டுவிட்டுப் பேசுகிறார் என்று கவனிக்கிறோம். நமக்குப் பிடிக்காத பாத்திரத்தின் நியாயத்தையும் பக்கம் பக்கமாகக் கேட்கிறோம். நோயாளிக்குத் தேவையான கவனமும் அதுவேதான்.

வர்கீஸின் 'தி கவனன்ட் ஆஃப் வாட்டர்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 700 பக்கத்துக்கும் மேல். கேரளத்துக் கிறிஸ்துவக் குடும்பம் ஒன்றில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவராவது தண்ணீரில் மூழ்கி இறக்கிறார். குடும்பத்தினர் அதற்குத் தாங்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். யார் யார் அப்படி இறந்தார்கள் என்று வம்சாவளிப் படத்தில் குறித்துவைக்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டுப் பெண் ஒருத்தி சென்னைக்கு மருத்துவம் படிக்கப் போகிறாள்.

முடிவைச் சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும்: மருத்துவம் கண்டுபிடிக்க வேண்டியதற்கான தடயம், படிக்காதவர்கள் என்று பலர் ஒதுக்கக்கூடிய அந்த வீட்டாரின் கதையிலேயே இருந்தது. யாராவது பொறுமையாகக் கேட்க வேண்டியிருந்தது. ஆய்வுக் கட்டுரையில் வர்கீஸ் சொல்வதும் இதைத்தான்.

சிங்கப்பூரில் நம் நிலை என்ன?

"எனக்கு நல்லாவே இங்கிலீஷ் தெரியும்" என்கிறீர்களா? மகிழ்ச்சி. ஆனால் வலிக்கும்போது எந்த மொழியில் முனகுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மூத்தோருக்கு அது இன்னும் கடினம். மருத்துவர், தாதி, மருந்தாளர் என ஒரே காலையில் மூன்று பின்னணியைச் சேர்ந்தவர்களிடம் பேச வேண்டியிருக்கலாம்.

இரண்டு மாற்றங்கள் நமக்குச் சாதகமாக இருக்கின்றன.

முதலாவது, 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டம். ஒரே குடும்ப மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பதே அதன் அடிப்படை. ஒவ்வொரு முறையும் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கதை தெரிந்த ஒருவர் இருப்பார்.

இரண்டாவது, சட்டம். மருத்துவர் தரும் ஆலோசனையை நோயாளியின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. பிறகு சிவில் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஜூலை முதல் தேதி 37ஆம் பிரிவு நடப்புக்கு வந்தது. மருத்துவ ஆலோசனை சரியாக இருந்ததா என்று முடிவு செய்ய, சக மருத்துவர்களின் கருத்து கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அந்த நிலையில் இருக்கும் நோயாளிக்கு எந்தத் தகவல் தேவைப்படும் என்பதையும் அந்தக் கருத்து கவனத்தில் கொண்டிருக்க வேண்டும். நோயாளி குறிப்பாக எழுப்பிய கேள்விகளும் கவலைகளும் அதில் அடங்கும்.

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் வாய்விட்டுக் கேட்கும் கேள்விக்கு எடை உண்டு. மனத்துக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பினால் அந்த எடை இல்லை.

அடுத்த முறை என்ன செய்யலாம்?

* போகும் முன் எழுதுங்கள். எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, எதைச் செய்ய முடியவில்லை? மூன்று வரி போதும். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை.

* நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், நடப்பதைச் சொல்லுங்கள். "வாயு" என்பதற்குப் பதில் "மாடிப்படி ஏறினா நெஞ்சு அழுத்துது, நின்னா சரியாயிடுது" என்று சொல்லுங்கள். மருத்துவருக்கு அது தங்கம்.

* ஆகப் பெரிய கவலையை முதலிலேயே சொல்லுங்கள். கதவைத் திறக்கும்போது "டாக்டர், இன்னொண்ணு..." என்று தொடங்கினால் நேரம் இருக்காது.

* நாட்டு மருந்து, லேகியம், நிறுத்திய மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். "இந்த மாத்திரை சூடுன்னு நினைச்சு பாதிதான் போடுறேன்" என்று சொன்னால் கொஞ்சம் திட்டு விழலாம். தவறான அளவு மருந்தைவிட அது மேல்.

* மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எனக்கு இருக்கும் முக்கியப் பிரச்சினை என்ன? நான் என்ன செய்ய வேண்டும்? அதை ஏன் செய்ய வேண்டும்? நோயாளிப் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட எளிய கேள்விகள் இவை.

* நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். "டாக்டர், நான் புரிஞ்சிக்கிட்டது சரியான்னு பாருங்க. காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். வெள்ளை மாத்திரைய நிறுத்தணும். சரியா?" பல நாடுகளில் மருத்துவர்களுக்கே இந்த முறை கற்றுத்தரப்படுகிறது. அரை நிமிடம்தான் ஆகும்.

* மொழி புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் தருவது போன்ற பெரிய முடிவுகளில் பிள்ளைகளை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். பிள்ளைகளாக இருந்தால், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். தாத்தா பாட்டியை மருத்துவரோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேசவும் விடுங்கள்.

மருத்துவருக்கு மரியாதை தருவது நம் பழக்கம். அது நல்லதே. ஆனால் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உங்கள் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒரு பாதி உங்களிடம்தான் இருக்கிறது. அதை நீங்கள் சொன்னால்தான் அவர் தன் பாதியைச் சரியாகச் செய்ய முடியும்.

ஆகவே அடுத்த முறை "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று மருத்துவர் கேட்டால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். "ஆமாங்க டாக்டர், ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்குங்கள்.